நான்கு வேங்கை மரங்களும் ஓர் ஊற்றும்

கல்வராயன் மலையில் இருக்கும் ஒரு சின்னச் சபைக்குக் கூரை போட மரம் பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று எங்கள் மூப்பர் அறிவித்ததும், ஆராதனைக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மலேசியாவில் பகாங் காட்டோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒரு மர ஆலையில் இருபத்தெட்டு வருடமாக எனக்கு ஒரே வேலை. காட்டுக்குள் போய் மரத்தின் சுற்றளவை அளந்து, வெட்டலாம் என்றால் அடிமரத்தில் சிவப்புச் சாயம் பூசிவிட்டு வர வேண்டும். நான் சாயம் பூசிய மரம் மறுவாரம் லாரியில் படுத்திருக்கும்.

அந்த மலைச் சபைக்கு நாங்கள் பல வருடமாக உதவி வந்தோம். முந்தைய ஆண்டுக் காற்றில் அவர்களுடைய ஆலயத்தின் புல் கூரை பறந்துவிட்டது. ஆலய நிலத்திலேயே நான்கு வேங்கை மரங்கள் நிற்கின்றன, வெட்ட அனுமதியும் வாங்கியாயிற்று, எந்த மரத்தில் எத்தனை உத்திரம் தேறும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வந்தால் போதும் என்று அங்குள்ள போதகர் எழுதியிருந்தார். எனக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. இந்தியாவை அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு பெட்டி, ஓர் அளவு நாடா, போதகர் வீட்டுக்கு இரண்டு டின் பிஸ்கட். கிளம்பிவிட்டேன்.

உளுந்தூர்பேட்டையில் இறங்கியதும் எனக்குப் பசி. லாரிகள் வரிசையாக நின்ற சாலையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று தட்டி எடுத்துத் தருவதை இங்கே பரோட்டா என்கிறார்கள். பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவை ஊற்றி, மூழ்கடித்துத் தருகிறார்கள். தேநீர்க் குவளை மட்டும் எங்கள் ஊர்க் குவளையில் பாதி. நான் இன்னொன்று கேட்டேன். பரிமாறியவர், “சார், சீக்கிரம் குட்ச்சிட்டு பஸ்ஸ புடிங்க. கள்ளக்குறிச்சி ரோட்டுல மரம் போடுறாங்களாம். இதான் கடைசி வண்டி” என்றார்.

மரம் போடுவது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் உச்சத்துக்கு வந்திருந்த நேரம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கு அதெல்லாம் தெரியாது. பேருந்தில் ஏறியபோது ஓட்டுநர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “போற வரைக்கும் போவும். அப்பால எறங்கி நடக்கறதுன்னா இப்பவே யோசிச்சிக்கோங்க.”

தியாகதுருகத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி நின்றது. முன்னால் சாலை முழுக்கப் புளிய மரங்கள் கிடந்தன. இரண்டு பக்கமும் கூரையாக நின்றிருந்தவற்றை வெட்டி நடுவில் சாய்த்திருந்தார்கள். பிஞ்சுக் காய்கள் தாரில் நசுங்கிக் கிடந்தன. புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. பயணிகள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளைகளுக்கு நடுவே நுழைந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பையிலிருந்த நாடாவை எடுத்து, வெட்டுண்ட அடிமரத்தைச் சுற்றிப் பிடித்தேன். பழக்கம்.

“இன்னா சார், ஏலம் எடுக்கப் போறீங்களா?”

மரத்தின் மேல் கோடாரியோடு உட்கார்ந்திருந்தவர் கேட்டார். நாற்பது வயது இருக்கும். பெயர் குப்புசாமி. பக்கத்து ஊர் விவசாயி. நான் மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும், “சிங்கப்பூரா!” என்றார். அதன் பிறகு அந்தப் பயணம் முழுக்க நான் சிங்கப்பூர்க்காரனாகவே இருந்தேன்.

“அங்கயும் மரம் வெட்டிப் போடுவாங்களா?”

“ரோட்டில் வெட்டமாட்டோம். காட்டுக்குள்ளே வெட்டுவோம்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். “எங்க பசங்க படிச்சிட்டு மாடு மேய்ச்சிக்கினு இருக்காங்க சார். மனு குடுத்தோம். ஊர்வலம் போனோம். யாரு காதுலயும் வுழல. மரம் வுழுந்தாத்தான் சத்தம் கேக்குது.” கோடாரியின் காம்பைத் தடவிக்கொண்டார். “ஆனா எங்க வூட்டுக் கொழம்புக்கு இந்த மரத்துப் புளிதான். வெட்டறப்போ கை ஒரு மாதிரி ஆயிட்ச்சி.”

என் பெட்டியைப் பார்த்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். மலைப் போதகர் முதலில் போகச் சொல்லியிருந்த இடம், தியாகதுருகத்தில் பாக்கியநாதன் என்ற ஆசிரியர் வீடு என்றேன். கோடாரியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். கரும்புத் தோட்டங்களுக்கும் வேர்க்கடலைக் காட்டுக்கும் நடுவே வரப்பில் நடந்தோம். வழியில் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, பச்சைக் கடலையை என் கையில் கொடுத்தார். அவ்வளவு இனிப்பான கடலையை நான் தின்றதில்லை.

பாக்கியநாதன் வீடு ஊருக்கு வெளியே தனித் தெருவில் இருந்தது. அந்த ஊர்ச் சபையார் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தார்கள். தெரு முனையில் குப்புசாமி சைக்கிளை நிறுத்திவிட்டார். “நான் இங்கயே நின்னுக்கறங்க” என்றார். பாக்கியநாதன் ஓடி வந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். “வேணாங்க, வழியில குட்ச்சிட்டேன்” என்றார் குப்புசாமி. வழி முழுக்க நான் கூடவே வந்தேன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பாக்கியநாதன் சொம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த வெயிலில் என் பெட்டியைச் சுமந்து வந்த மனிதர் அவர். அந்தத் தண்ணீரை வேண்டாம் என்றவரும் அவரே. இரண்டையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் மட்டும் குறையவில்லை.

இரண்டு நாள் அந்த வீட்டில் அடைந்து கிடந்தோம். பேருந்து இல்லை, பால் இல்லை, காய்கறி வண்டி இல்லை. பாக்கியநாதன் மனைவி எஸ்தர் கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மென்று கொண்டிருந்ததைப் பார்த்து எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். தெருவில் மட்டும் சிரிப்பு குறைவு. ஊருக்குள் யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரியாததால், பொழுது சாய்வதற்கு முன்பே கதவைச் சாத்தினார்கள். சாத்துவதற்கு முன் பாக்கியநாதன் ஜெபம் செய்தார். மரம் வெட்டுகிற பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். மனதாரத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் விடிந்ததும், “சைக்கிள்லயே போயிடலாம் பிரதர். மலையில மரம் போட மாட்டாங்க” என்றார் பாக்கியநாதன். இரண்டு சைக்கிள். மரம் கிடக்கும் இடத்தில் தோளில் தூக்குவோம். இல்லாத இடத்தில் மிதிப்போம். கள்ளக்குறிச்சியில் என் பின் சக்கரம் பஞ்சர். கடைகள் எல்லாம் அடைப்பு. ஒருவர் ஷட்டரைப் பாதி தூக்கி, எங்களை உள்ளே இழுத்து, மறுபடி இறக்கிவிட்டு, இருட்டில் கைத்தடவலாகவே ஒட்டிக் கொடுத்தார். “மெயின் ரோட்ல போவாதீங்க. ஆத்தோரமாப் போங்க” என்று வழியும் சொன்னார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

மலை அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் சைக்கிள்களை விட்டுவிட்டு நடந்தோம். ஏறிய கொஞ்ச நேரத்தில் காற்று மாறிவிட்டது. நான்கு நாளாக வெட்டுப்பட்ட மரங்களையே பார்த்து வந்த கண்ணுக்கு, நிற்கிற மரங்கள் விருந்தாக இருந்தன. பாக்கியநாதன் ஒவ்வொன்றையும் காட்டினார். கடுக்காய், நாவல், மூங்கில். இடையில் சாமைக் கொல்லைகள் கதிர் விட்டிருந்தன. ஆனால் ஒரு வளைவைத் தாண்டியதும் எதிர்ச் சரிவு மொட்டையாகத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். “அதுக்குக் கதை கீது. மேல போயி கேளுங்க” என்றார்.

போதகர் சாமுவேல் பாதி வழிக்கு இறங்கி வந்து எங்களை அழைத்துப் போனார். சமவெளிக்காரர். பத்து வருடமாக இந்த மலையில் இருக்கிறார். மெலிந்த மனிதர், பேசும்போதே மூச்சு வாங்கியது. ஆலயம் என்பது நான்கு மண் சுவர்கள். அதன் மேல் மூங்கில் வைத்து, அவசரமாக வேய்ந்த புல். “அடுத்த காத்துக்கு இதுவும் நிக்காது. போன தடவை ஜெபக் கூட்டத்துக்கு நடுவுல பிச்சிக்கிச்சு. ஒரு மூங்கில் விழுந்து மார்த்தாளுக்குக் கை ஒடஞ்சது. சபை நடத்துறதா, இல்ல ஜனங்க தலையில கூரை விழாம பாத்துக்கறதா? எனக்குத் தூக்கம் வந்து ஒரு வருசமாகுது” என்றார்.

மறுநாள் காலை மரங்களைப் பார்க்கப் போனோம். ஆலயத்துக்குப் பின்னால் ஏறினால் நான்கு வேங்கைகளும் கூட்டமாக நின்றன. நான் காடுகளில் எத்தனையோ பெரிய மரங்களைப் பார்த்தவன். அவற்றோடு ஒப்பிட்டால் இவை உயரம் குறைவு. ஆனால் நேரான மரம், கணு இல்லாத மரம், வயிரம் பாய்ந்த மரம். நாடாவைச் சுற்றினேன். மனதுக்குள் பலகை பலகையாக அறுத்துவிட்டேன். “இதில் ஆறு உத்திரம் தேறும். அதில் ஏழு. இரண்டு மரம் போதும், ஆலயம் முழுக்க முடித்துவிடலாம்” என்றேன். போதகர் கண்களை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

மரங்களுக்குக் கீழே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. ஒரு பெண் குனிந்து குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாக இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏன் அண்ணே, இந்த மரத்துல எத்தினி உத்திரம் கீதுன்னு சொன்னீங்களே. எத்தினி கொடம் தண்ணி கீதுன்னு சொல்லத் தெரியுமா?”

“மார்த்தாள், அவரு பெரியவரு. தூரத்துலேர்ந்து வந்திருக்காரு” என்றார் போதகர்.

அப்போதுதான் அவள் யாரென்று எனக்கு உறைத்தது. கூரை விழுந்து கை ஒடிந்தவள். நல்ல கூரை யாருக்கு வேண்டுமோ அவளே கேட்கிறாள்.

“தெரியாது தங்கச்சி. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை” என்றேன்.

“அப்ப வாங்க, காட்டுறேன்” என்று குடத்தை வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

மொட்டையாகத் தெரிந்த அந்தச் சரிவுக்குத்தான் எங்களை அழைத்துப் போனாள். வெறும் அடிக்கட்டைகள். சில வருடங்களுக்கு முன் ஒரு காண்ட்ராக்டர் வந்து, ஒரு கோடைக்குள் அத்தனையும் வெட்டி இறக்கிவிட்டாராம். கீழே ஒரு பாறைத் தொட்டி. அதுவும் ஒரு காலத்தில் ஊற்று. இப்போது அதில் சருகும் ஒரு பாம்புச் சட்டையும் கிடந்தன. “மரம் போன மூணாவது வருசம் இது நின்னுபோச்சி. இந்த ஊரு பொம்பளைங்க இப்ப எங்க ஊத்துக்குத்தான் வர்றாங்க. ரெண்டு ஊரு அந்தத் தண்ணியில கீது” என்றாள் மார்த்தாள். பிறகு போதகர் பக்கம் திரும்பினாள். “நீங்கதானய்யா பிரசங்கத்துல சொன்னீங்க. ஆண்டவரு நம்மள தோட்டத்துல வெச்சது அதப் பாத்துக்கறதுக்குன்னு. கை ஒடஞ்சா கட்டிக்கலாம். ஊத்து ஒடஞ்சா யாரு கட்டுறது?”

போதகர் ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உட்காரவும் இடமில்லாத மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு நான் சின்னவனாக இருந்தபோது தெளிந்திருக்கும், உள்ளே மீன் தெரியும். இப்போது பால் ஊற்றிய தேநீர் நிறம். மேலே வெட்டுகிறார்கள், மழை பெய்தால் மண் இறங்குகிறது. எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று படைப்பைப் பற்றிப் பாடிவிட்டு, திங்கட்கிழமை சாய டின்னைத் தூக்கிக்கொண்டு போவேன். இரண்டையும் சேர்த்து வைத்து நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைக்க, கை கோணலான ஒரு பெண் ஒரு குடத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

அன்று சனிக்கிழமை. மத்தியானம் போதகரும் நானும் மார்த்தாள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். அவளுடைய கைக்குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு. வேங்கைப் பாலைக் காய்ச்சி எடுத்தது என்றாள். போதகருக்கு அது பிடிக்காது போலிருக்கிறது, வேறு பக்கம் பார்த்தார். “வெட்டினா ரத்தமாட்டம் வரும் அண்ணே. மரத்துக்கு வலிக்காம ஒரு கீறு கீறி எடுத்துக்குவோம்” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தனியாக ஆலயத்துக்குள் போய்ச் சுவர்களை அளந்தேன். நீள உத்திரம் எதற்காக வேண்டும்? இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தாங்க வேண்டும் என்பதற்காக. நடுவில் தாங்கல் கொடுத்துவிட்டால் பாதி நீளம் போதும். பாதி நீளத்துக்கு வேங்கை எதற்கு? இவ்வளவு எளிய கணக்கு. மரத்தைப் பார்த்தால் வெட்டு என்றே பழகிய மூளைக்கு அதைப் போட ஒரு நாள் ஆயிற்று.

ஞாயிறு ஆராதனை தொடங்கி இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புல் கூரை ஒழுகியது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே தள்ளி உட்கார்ந்தார்கள். குடங்களையும் சட்டிகளையும் ஒழுகல் விழும் இடத்தில் வைத்தார்கள். என்னை மூன்று முறை இடம் மாற்றினார்கள், நான்காவது முறை நானே நகர்ந்தேன். பிறகு போதகர் என்னை முன்னால் கூப்பிட்டு, மரங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

நான் ஒளிக்காமல் சொன்னேன். “நாலும் முதல் தரமான மரம். வெட்டினால் நல்ல உத்திரம் வரும். ஆனால் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இருபத்தெட்டு வருடமாக வெட்டச் சொன்னவன். என் ஊர் ஆற்றை நானும் சேர்ந்துதான் கெடுத்தேன். அதற்கு இங்கே உங்கள் முன்னால் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.” குரல் உடைந்துவிட்டது. மழைச் சத்தத்தில் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். பின் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு குச்சியை எடுத்து ஈரத் தரையிலேயே படம் போட்டேன். நடுவில் ஒரு வரிசை கல் தூண். சுவரிலிருந்து தூணுக்குப் பனஞ்சட்டம். அதன்மேல் ஓடு. காற்றுக்கு அசையாது.

“பனைக்கு நானாச்சி. கீழ எங்க சபையார் கொல்லையில பட்டுப்போன பனை நெறைய நிக்குது” என்றார் பாக்கியநாதன். கல்லுக்கு மலையில் பஞ்சமில்லை என்றார்கள்.

போதகர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நடுவுல தூண் வந்துட்டா பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு என் மூஞ்சி தெரியாதே?”

“மூஞ்சி தெரியாட்டி இன்னாய்யா, சத்தம்தான் அடுத்த மலைக்கே கேக்குதே” என்றாள் மார்த்தாள்.

சபை முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். மரத்தை வெட்ட வேண்டாம் என்று சபை முடிவு செய்தது. நானும் இன்னும் பத்து நாள் தங்கி, முதல் இரண்டு தூணுக்குக் கல் சுமந்தேன். வயதானவன் என்று எனக்குச் சின்னக் கல்லாகவே பார்த்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் ஆலை வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. மகளுக்குப் படிப்பு இருந்தது. ஆனால் ஓடைக் கரையில் நிற்கும் எந்த மரத்திலும் அதன்பிறகு நான் சாயம் பூசவில்லை. ஏன் ஒரு வரிசையையே விட்டாய் என்று மேலாளர் கேட்டார். கீழே தண்ணீர் இருக்கிறது என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன். என்னைக் காட்டிலிருந்து எடுத்து அலுவலக மேசை வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வேறொருவர் சாயம் பூசினார். சில கரைகளை அவரும் விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மறு வருடக் கோடையில் போதகரிடமிருந்து கடிதம் வந்தது. ஓடு வேய்ந்தாகிவிட்டது, ஒரு பெருங்காற்றையும் தாங்கிவிட்டது, இரண்டு ஊருக்கும் ஊற்று வற்றவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு குறை. “தூணுக்குப் பின்னால் இடம் பிடிக்க இப்போது போட்டியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நான் பார்க்காமல் தூங்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் ஆள் மார்த்தாள். காலை முழுக்கக் கொல்லையில் உழைத்துவிட்டு வருகிறாள், எழுப்ப மனம் வரவில்லை.”

அந்தக் கடிதத்தை எங்கள் சபையில் வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவள் நிம்மதியாகத் தூங்குவதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.